தாஸ்காவில (பிள்ளை பராமரிப்பு மையம்) வேல செய்றேன், நான் ஆயாவா டீச்சரா? இந்த வேலையில எப்படி நல்லா வளர்றது?

தங்கச்சி, உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். எஸ்பிஎம் (நம்ம மலேசியாவில அஞ்சாம் பாரத்துல எழுதுற பரீட்சை) முடிச்சிட்டு 8 மாசமா பினாங்கில ஒரு தாஸ்காவில இருக்கீங்க, அடிப்படை கோர்ஸும் முடிச்சாச்சு, ஆனா நாள் பூரா பேம்பர்ஸ் மாத்துறது, பால் கலக்குறது, தூங்க வைக்கிறதுன்னே ஓடிடுது, இதுல டீச்சிங் எங்க இருக்கு, நான் வெறும் ஆயாதானேன்னு கேட்டிருக்கீங்க. நான் இந்த வேலையில 16 வருஷமா இருக்கேன், பாயான் லெப்பாஸ் பக்கம், இப்ப சூப்பர்வைசர். எனக்கும் 8வது மாசத்துல இதே கேள்விதான் வந்துச்சு, அப்ப கேக்குறதுக்கு ஆள் இல்ல, பாத்ரூம்ல போய் அழுதுட்டு வந்தேன் அவ்ளோதான்.

மொதல்ல அந்த 'வெறும் ஆயா'ங்கிற வார்த்தை. எங்கம்மா கெடாவில ரப்பர் தோட்டத்துல பொறந்து வளந்தவங்க. விடியாத இருட்டுல பெரட்டு (பேர் கூப்பிட்டு ஆள் எண்ணுறது), பால்மரம் வெட்டப் போறதுக்கு முன்னாடி கைப்பிள்ளைய தோள்ல போட்டுக்கிட்டு வந்து ஆயாக் கொட்டகையில விட்டுட்டுப் போவாங்களாம், வரிசையா சாரோங் தொட்டில் தொங்கும், அத்தனைக்கும் ஒரே ஆயா, கூட ஒத்தாசைக்கு ஒரு சின்னப் பொண்ணு இருந்தா உண்டு. ஆனா அந்த ஆயா கண்ண மூடிக்கிட்டே எந்தத் தொட்டில் அழுவுது, பசிக்கா தூக்கத்துக்கான்னு சொல்லுவாங்கன்னு அம்மா இன்னும் சொல்லிச் சிரிப்பாங்க. யாரும் அவங்களுக்கு சர்டிபிகேட் குடுக்கல. அத்தனை பிள்ளைங்கள ஒரு ஆள் பாத்தது தப்புதான், அதப் பெருமையா பேசக்கூடாது, ஆனா பிள்ளைய படிக்கத் தெரிஞ்ச அந்தக் கண்ணு இருக்கே, இன்னைக்கு டிப்ளோமா கையில வச்சிருக்கிறவங்க பல பேருகிட்ட நான் அதத்தான் தேடுறேன்.

இப்ப பேம்பர்ஸ் மேசைக்கு வரேன். நீங்க கிளாஸ் எங்கன்னு கேக்குறீங்க, கிளாஸே அதுதான். ஒரு கைக்குழந்தைக்கு நாளைக்கு 5 தடவ மாத்துறீங்கன்னு வைங்க, ஒரு தடவைக்கு 4 நிமிஷம், ஆக 20 நிமிஷம் அந்தப் பிள்ளை உங்க மூஞ்சிய மட்டும் பாத்துக்கிட்டு கிடக்குது. மத்த நேரத்துல உங்க தாஸ்காவில எந்தப் பிள்ளைக்காவது தனியா 20 நிமிஷம் குடுக்க முடியுதா? ஹங்கேரியில எம்மி பிக்லர்னு ஒரு குழந்தை டாக்டர் இருந்தாங்க, ரெண்டாம் உலகப்போர் முடிஞ்ச கையோட 1946ல புடாபெஸ்ட்ல ஒரு அனாதைப் பிள்ளைங்க இல்லத்த எடுத்து நடத்துனாங்க. அவங்க நர்ஸுங்களுக்கு சொல்லிக்குடுத்தது பாக்க ரொம்ப சாதாரணமா இருக்கும். பிள்ளைய தொடுறதுக்கு முன்னாடி என்ன செய்யப் போறேன்னு சொல்லு, அவசரப்படாத, பிள்ளை பதிலுக்கு அசையிற வரைக்கும் கொஞ்சம் நில்லு. இத ஒரு டிரெய்னிங்ல கேட்டப்போ ஏழு மாசப் பிள்ளைக்கு என்னலா புரியும்னு நெனச்சேன். சரி செஞ்சுதான் பாப்போமேன்னு ஒரு பையன்கிட்ட தெனமும் "சட்டைய கழட்டப் போறேன்டா, கைய குடு"ன்னு சொல்லிட்டு மனசுக்குள்ள அஞ்சு வரைக்கும் எண்ணுவேன். மூணாவது வாரம் அவனா கைய தூக்குனான். தங்கச்சி, அன்னைக்கு நான் சம்பளத்த மறந்துட்டேன்.

இப்ப இதுக்கு சர்வ் அண்ட் ரிட்டர்ன்னு பேர் வச்சிருக்காங்க, ஹார்வர்டு யூனிவர்சிட்டியில பிள்ளை வளர்ச்சிக்குன்னே இருக்கிற சென்டர் இத ரொம்ப பேசுது. நம்ம ஊர் ஆளுங்களுக்கு வெளக்கவே வேணாம், பேட்மிண்டன்தான், பிள்ளை ஒரு சத்தமோ ஒரு பார்வையோ அடிக்குது, நீங்க திருப்பி அடிக்கணும், திரும்பத் திரும்ப அடிச்சு ஆடுற அந்த ஆட்டத்துலதான் மூளையில தொடர்பு கட்டிக்கிட்டே போகுது. நீங்க போன பாத்துக்கிட்டே பால் பாட்டில புடிச்சீங்கன்னா பிள்ளை சர்வ் பண்ணிக்கிட்டே இருக்கும், பந்து கீழ விழுந்துக்கிட்டே இருக்கும்.

சரி, எப்படி வளர்றதுன்னு கேட்டீங்கல்ல. நான் வளந்தது ஒரு 2 வெள்ளி (ரிங்கிட்) நோட்டுப் புத்தகத்துல. எங்க பழைய சூப்பர்வைசர் ஒரு மலாய்க்கார அக்கா, நாங்கெல்லாம் காக்னுதான் கூப்பிடுவோம், இப்ப ரிட்டயர் ஆயிட்டாங்க. அப்ப எங்க ரூம்ல ரெண்டு வயசுப் பையன் ஒருத்தன் கடிப்பான். சும்மா இல்ல, பல்லு பதியிற மாதிரி. வாரத்துக்கு ரெண்டு பேரன்ட்ஸ் கைய காட்டி சண்டைக்கு வருவாங்க. நான் நோட்டுல "இன்னைக்கும் சேட்டை, கோவக்காரன், வேணும்னே கடிச்சான்"னு எழுதி வச்சிருந்தேன். காக் அத வாங்கிப் படிச்சிட்டு ஒவ்வொரு வரியிலயும் பென்சில வச்சு "நம்பாக் கெ ராசா?"ன்னு கேட்டாங்க. கண்ணால பாத்தியா, உனக்கா தோணிச்சா. கோவக்காரன், தோணிச்சு. வேணும்னே, தோணிச்சு. ஒரு பக்கம் பூரா அடிச்சு முடிச்சப்ப மிச்சம் இருந்தது 'கடிச்சான்' ஒண்ணுதான். அவமானமா இருந்துச்சு, உண்மைய சொல்றேன்.

அதுக்கப்புறம் மூணு வாரம் பாத்தத மட்டும் எழுதுனேன். மணி, எடம், முன்னாடி என்ன நடந்துச்சு, என்ன செஞ்சான், பின்னாடி என்ன ஆச்சு. "11.10. கை கழுவ வரிசை. பின்னால நின்ன பொண்ணு இவன் முதுகுல சாஞ்சா. திரும்பி தோள்ல கடிச்சான். நான் கத்துனேன், அவன் அழுதான்." இப்படி 12 கடி சேந்துச்சு, அதுல 9 கடி பதினோரு மணியிலேர்ந்து பதினொன்றரைக்குள்ள, அதே சிங்க் பக்கத்துல. எங்ககிட்ட இருந்தது ஒரே ஒரு சின்ன சிங்க், 13 பிள்ளைங்கள வரிசையில நிக்க வச்சு ஒண்ணொண்ணா கழுவி விடுவோம், ரெண்டு வயசுப் பிள்ளைக்கு பத்து நிமிஷம் நெருக்கியடிச்சு நிக்கிறதுன்னா அது ஒரு யுகம், நமக்கே ஜேபிஜே (ரோட்டுப் போக்குவரத்து இலாகா) ஆபீஸ் கியூவில பின்னால உள்ளவன் இடிச்சா பத்திக்கிட்டு வருது இல்ல. பையன ஒண்ணும் மாத்தல, வரிசையத்தான் மாத்துனோம். மூணு மூணு பேரா அனுப்புனோம், மத்தவங்க மேசையில உக்காந்து பாட்டு, அவனுக்கு எல்லாருக்கும் கரண்டி வைக்கிற வேல. கடி நின்னே போச்சுன்னு சொல்ல மாட்டேன், அடுத்த மாசம் மூணு கடி இருந்துச்சு. அந்த மூணையும் எடுத்து வச்சுப் பாத்தா மூணும் அவங்கம்மா நைட் ஷிப்ட் வாரம். பாயான் லெப்பாஸ் எப்படின்னு உங்களுக்கே தெரியும், 1972ல ஃப்ரீ டிரேட் ஸோன் வந்ததிலேர்ந்து இந்த ஊரு பேக்டரி சங்கு நேரத்துல ஓடுற ஊரு, ஏழு டு ஏழு ஷிப்ட் மாறுச்சுன்னா வீட்டுல பிள்ளை தூக்கமும் மாறும், மறுநாள் காலையில அந்த அரைத்தூக்கம் நம்ம கைக்கு வந்து சேரும்.

இதுலேர்ந்து நான் புடிச்சுக்கிட்டது ஒண்ணே ஒண்ணுதான், பாத்தத எழுதணும், எழுதுனத வேற ஒரு ஆள் படிச்சு கேள்வி கேக்கணும். தனியா எழுதுனா நம்ம கொணத்தத்தான் திரும்பத் திரும்ப எழுதுவோம். உங்க எடத்துல காக் மாதிரி ஆள் இல்லன்னா கூட வேல செய்ற ஒரு அக்காவ புடிங்க, பிள்ளைங்க தூங்குற நேரத்துல வாரத்துக்கு ஒரு தடவ அரைமணி நேரம், அவங்க நோட்ட நீங்க படிங்க, உங்க நோட்ட அவங்க படிக்கட்டும். வேற ஒண்ணும் வேணாம்.

ஆனா இதெல்லாம் நடக்கணும்னா கை கொஞ்சம் காலியா இருக்கணும்ல. நான் மொதல்ல சேந்த தாஸ்கா, பேரு வேணாம், ரெண்டு வயசுக்குக் கீழ 19 பிள்ளைங்களுக்கு நாங்க ரெண்டே பேர். சட்டப்படி என்னன்னா ஒரு வயசுக்குக் கீழ 3 பிள்ளைக்கு ஒரு ஆளு, ஒண்ணுலேர்ந்து மூணு வயசு வரைக்கும் 5க்கு ஒரு ஆளு, மூணுலேர்ந்து நாலு வயசுக்கு 10க்கு ஒரு ஆளு. செக்கிங் வர்ற நாள்ல மொதலாளியம்மா தங்கச்சியும் சமையக்கார அக்காவும் யூனிபார்ம் போட்டுக்கிட்டு ரூம்ல வந்து நிப்பாங்க, அன்னைக்கு மட்டும் கணக்கு சரியா இருக்கும். அந்த எடத்துல நான் ஒரு வருஷம் இருந்தேன், ஒரு பிள்ளையப் பத்தியும் இன்னைக்கு எனக்கு ஒரு விஷயம் ஞாபகம் இல்ல, அழுக சத்தம் மட்டும்தான் ஞாபகம் இருக்கு. அதனால உங்க ரூம்ல கணக்கு சரியில்லன்னா நான் சரியில்லையோன்னு உங்களையே திட்டிக்காதீங்க, மொதல்ல தலைய எண்ணிப் பாருங்க.

சட்டம் பத்தி சொன்னதால இதையும் சொல்லிடுறேன், நாலு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களுக்கான தாஸ்கா சமூகநல இலாகா கீழ வருது, 1984ம் வருஷச் சட்டம். நாலுலேர்ந்து ஆறு வயசு பாலர் பள்ளி கல்வி அமைச்சு கீழ. வீட்டுல வச்சுப் பாக்குறவங்ககூட நாலு பிள்ளைங்க ஆயிட்டா பதிஞ்சாகணும், பக்கத்து வீட்டு ஆன்ட்டிங்க நெறைய பேருக்கு இது தெரியாது. இன்னொண்ணு, 2001ம் வருஷ சிறார் சட்டத்துப்படி பிள்ளை உடம்புல சந்தேகப்படுற மாதிரி காயமோ கொடுமைக்கான அடையாளமோ பாத்தா பராமரிக்கிற நாம சமூகநல அதிகாரிகிட்ட சொல்லியே ஆகணும், சொல்லாம விட்டா நம்ம மேலதான் குத்தம். 15999 தாலியான் காசிஹ் உதவி நம்பர் சொவத்துல ஒட்டி வைங்க. இங்கயும் நோட்டுதான் கை குடுக்கும், தேதி போட்டு, எந்தப் பக்கம், என்ன நெறம், பிள்ளை என்ன சொல்லுச்சு, அவ்ளோதான், யாரு செஞ்சிருப்பாங்கன்னு நாம கத எழுதக்கூடாது. நம்பாக் கெ ராசா.

படிப்பு வேணாம்னு நான் சொல்றதா நெனச்சுக்காதீங்க. இங்கிலாந்தில 1997ல ஆரம்பிச்சு ஏறக்கொறைய 3,000 பிள்ளைங்கள வருஷக்கணக்கா தொடர்ந்து பாத்த ஈபிபிஈங்கிற பாலர் கல்வி ஆய்வுல, படிச்ச ஆளுங்க இருக்கிற எடத்துல தரமும் கூட, பிள்ளைங்க முன்னேற்றமும் கூடன்னுதான் வந்துச்சு. அதே ஆய்வுதான் இன்னொண்ணும் சொல்லுச்சு, நல்ல எடங்கள்ல பெரியவங்களும் பிள்ளையும் சேந்து ஒரு விஷயத்த விடாம யோசிக்கிற பேச்சு நெறைய நடக்குதுன்னு. எங்க ரூம்ல மழை பெஞ்சு வாசல்ல தண்ணி நின்னப்ப நாலு வயசு ஆகப்போற பொண்ணு "டீச்சர், நேத்து இருந்த தண்ணி எங்க போச்சு"ன்னு கேட்டா. வெயில் குடிச்சிருச்சுன்னு சொல்லி முடிச்சிருக்கலாம். சாக்பீஸால தண்ணிய சுத்தி கோடு போட்டோம், தூங்கி எந்திரிச்சு வந்து பாத்தோம், கோட்டுக்குள்ள சுருங்கி இருந்துச்சு, "யாரு குடிச்சா"ன்னு ஒரு பெரிய பஞ்சாயத்தே நடந்துச்சு, பூனை மேலதான் தீர்ப்பு ஆச்சு. பரவால்ல, அடுத்த நாள் அவளே ஒரு கிண்ணத்துல தண்ணி ஊத்தி மூடி போட்டு வச்சா, பூனை குடிக்க முடியாதுல்ல. நான் ஆவியாதல்னு பாடம் எடுத்திருந்தா அந்த மூடி வந்திருக்காது.

ஆனா பேரன்ட்ஸ்கிட்ட இத வெளக்குறது பெரிய பாடு. மூணு வயசுக்கே ஒர்க்‌ஷீட் கேப்பாங்க, ஒண்ணாங்கிளாஸ் போறதுக்குள்ள எழுதிடணும், பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏபிசி எழுதுதுன்னு. கடைவரிசையில எங்க பாத்தாலும் மாண்டிசோரின்னு போர்டு, அந்தப் பேர யாரு வேணும்னாலும் போட்டுக்கலாம், உள்ள போனா 5 வயசுப் பிள்ளை 'அ' எழுதிக்கிட்டே ரெண்டு பக்கம் உக்காந்திருக்கும். மரியா மாண்டிசோரி 1939ல நம்ம சென்னை அடையாறுக்கே வந்து போர்க்காலத்துல வருஷக்கணக்கா இந்தியாவில தங்கி டீச்சருங்களுக்கு டிரெய்னிங் குடுத்தவங்க, டீச்சர் மொதல்ல ஓரமா நின்னு பிள்ளைய கவனிக்கணும்னு அந்த அம்மா தலையால அடிச்சுக்கிட்டாங்க. போர்டு போட்டவங்களுக்கு அது ஞாபகத்துல இல்ல. எங்க நாட்டு பாலர் பள்ளி கலைத்திட்டத்துலகூட வெளையாட்டு வழியா படிக்கிறதுக்குத்தான் எடம் குடுத்திருக்கு, பேரன்ட்ஸ் கேட்டா அதக் காட்டுங்க.

பேரன்ட்ஸ்கிட்ட பேசுறதும் நம்ம வேலையில பாதி. சாயங்காலம் கழுத்துல பேக்டரி டேக்கோட அப்பா வந்து நிப்பாரு, அப்ப "இன்னைக்கு ஓகே, சாப்டான், தூங்குனான்"னு சொல்றத விட்டுட்டு கண்ணால பாத்த ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க. "இன்னைக்கு கரண்டிய அவனே புடிச்சு மூணு வாய் சாப்டான், நாலாவது வாய் காதுல போச்சு." அந்த மனுஷன் 12 மணி நேரம் நின்னுட்டு வந்தவரு, அந்த வாசல்ல அப்படியே சிரிப்பாரு. நாளைக்கு கஷ்டமான விஷயம் ஒண்ணு சொல்ல வேண்டி வந்தா கேக்குறதுக்கு காது இருக்கும்.

பாஷை ஒரு பெரிய விஷயம், நம்ம ஊர்ல அத யாரும் கண்டுக்கிறதில்ல. எங்ககிட்ட ஒரு தமிழ்ப் பொண்ணு வந்தா, ரெண்டரை வயசு, வீட்டுல தமிழ் மட்டும்தான். மத்தியான ஷிப்ட் டீச்சர் மலாய்க்காரங்க, நல்லவங்க. ரெண்டு வாரமா பிள்ளை தெனமும் நனைச்சுக்குது, டாய்லெட் டிரெய்னிங் இல்லன்னு பைல்ல எழுதிட்டாங்க. நான் ஒருநாள் மத்தியானம் இருந்தப்பதான் பாத்தேன், அந்தப் பிள்ளை அவங்க பாவாடையப் புடிச்சு இழுத்து இழுத்து "மூச்சா, மூச்சா"ன்னுது, அவங்க அத மலாயில பூனைக்கு சொல்ற 'கூச்சிங்'னு நெனச்சு பூனைக்குட்டி பொம்மைய தேடி எடுத்துக் குடுக்குறாங்க! எனக்கு சிரிப்பும் வந்துச்சு அழுகையும் வந்துச்சு. மறுநாளே ஒவ்வொரு பேரன்ட்ஸ்கிட்டயும் கேட்டு 20 வார்த்தை எழுதி சொவத்துல ஒட்டுனோம், தண்ணி, பசி, மூச்சா, வலி, தூக்கம், பாட்டிய எப்படிக் கூப்பிடும், தமிழ் மலாய் ஹொக்கியன் எல்லாத்துலயும். புது ஆள் யாரு வந்தாலும் மொத நாள் வேல அந்தத் தாள மனப்பாடம் பண்றதுதான்.

சுத்தம், பாதுகாப்பு எல்லாம் கோர்ஸ்லயே சொல்லியிருப்பாங்க, ரெண்டு மட்டும் அழுத்திச் சொல்றேன். கைப்பிள்ளைய மல்லாக்க போட்டுத்தான் தூங்க வைக்கணும், தலகாணி, போர்வை, பொம்மை ஒண்ணும் பக்கத்துல வேணாம், பாட்டி குப்புற போடச் சொன்னாலும் சரி. கைகால் வாய் நோய் வர்ற சீசன்ல சானிட்டைசர நம்பாதீங்க, அந்த வைரஸ அது சரியா கொல்லாது, சோப்புப் போட்டு தேச்சுக் கழுவணும், பேம்பர்ஸ் மாத்துனதுக்கப்புறம் கண்டிப்பா.

இப்ப காசு, பேப்பர் விஷயம். 2013லேர்ந்து 2025 வரைக்குமான கல்வி பெருந்திட்டத்துல பாலர் பள்ளி டீச்சருங்க எல்லாரும் 2020க்குள்ள டிப்ளோமா வச்சிருக்கணும்னு போட்டாங்க, அதனால தாஸ்காவிலேர்ந்து பாலர் பள்ளிக்கு மாற நெனச்சீங்கன்னா டிப்ளோமா இல்லாம கஷ்டம். படிக்கப் போக வசதி இல்லன்னா வேல செஞ்சுக்கிட்டே எஸ்கேஎம் (மலேசிய திறன் சான்றிதழ்) மூணாம் லெவல் எடுங்க, அனுபவம் சேந்ததுக்கப்புறம் பிபிடின்னு ஒரு வழி இருக்கு, நீங்க செஞ்ச வேலைக்கு ஆதாரம் காட்டி பைல் கட்டி அதே சர்டிபிகேட் வாங்கலாம், அங்கேர்ந்து டிப்ளோமா. அந்த பைல் கட்டுறப்ப உங்க நோட்டு தங்கம் மாதிரி. டிகிரி வரைக்கும் போகணும்னா தஞ்சோங் மாலிம் உப்சி யூனிவர்சிட்டியில இதுக்குன்னே படிப்பு இருக்கு. சம்பளம் பத்தி பொய் சொல்ல மாட்டேன், நெறைய எடத்துல இன்னமும் 1,700 வெள்ளி கொறஞ்சபட்ச சம்பளத்த ஒட்டித்தான் ஓடுது, பக்கத்து பேக்டரியில ஓவர்டைம் செஞ்சா அதுக்கு மேல வரும். என் கூட சேந்த ஏழு பேர்ல ரெண்டு பேருதான் மிச்சம். ஆளு போகப் போக பிள்ளைங்க மொதல்லேர்ந்து ஒவ்வொரு மூஞ்சியா பழகணும், அந்த நஷ்டத்த எந்த மொதலாளியும் கணக்குல எழுதுறதில்ல, எனக்கு இதுல கோவம் உண்டு.

நீங்க இருக்கிற எடத்துல கணக்கும் சரியில்ல, நோட்டப் படிக்க ஆளும் இல்லன்னா வேற எடம் பாருங்க, தப்பே இல்ல. பேசிட்டு சேர்றதுக்கு முன்னாடி ஒரு நாள் உள்ள உக்காந்து பாக்கணும்னு கேளுங்க, மாட்டேன்னு சொன்னா அதுவே பதில். காலையில பத்து மணிக்கு போயிடாதீங்க, அப்ப பாட்டு டான்ஸ் நடக்கும், எல்லா எடமும் நல்லாத்தான் இருக்கும். பதினோரு மணிக்குப் போங்க, கை கழுவி சாப்பாடு போட்டு தூங்க வைக்கிற வரைக்கும் இருங்க, சிங்க் எத்தனை இருக்குன்னு பாருங்க, அழுவுற பிள்ளைகிட்ட யாரு போறாங்க, போயி என்ன சொல்றாங்கன்னு பாருங்க. பாத்தத அப்படியே எழுதி இங்க போடுங்க, நான் பென்சிலோட படிக்கிறேன்.